ஓட்டுப் போட்டவன் வீடு கேட்டான்!

1994ஆம் ஆண்டு, ஏப்ரல் 27ஆம் நாள். தென்னாப்பிரிக்காவிலே வாக்குச் சாவடிகளின் வாயிலில் வரிசை! மேடு தாண்டி, சாலை தாண்டி, வளைந்து நெளிந்து நீண்டு கிடந்த வரிசை! விடியுமுன் வந்து நின்றவன் உச்சிப்பொழுதைக் கண்டான். உச்சிப்பொழுதில் வந்தவன் அந்தி சாயக் கண்டான். முதுகிலே துணியால் குழந்தையைக் கட்டிக்கொண்ட தாய், கைத்தடி ஊன்றிய கிழவி, சுரங்கத் தூசியைச் சுவாசித்துச் சுவாசித்து நெஞ்சு தேய்ந்தவன், வெள்ளைச் சீமாட்டி வீட்டிலே துணி துவைத்துக் கை காய்ந்தவள், எல்லோரும் நின்றனர். சில ஊர்களில் சீட்டு வந்து சேரவில்லை, சில ஊர்களில் பெட்டி வந்து சேரவில்லை. வாக்குப் பதிவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. அப்போதும் கலைந்தாரில்லை. ஒரு கோடியே 97 இலட்சம் பேர் வாக்களித்து முடித்த பிறகே ஓய்ந்தது அந்தக் கூட்டம்.

நெல்சன் மண்டேலாவுக்கு அப்போது வயது 75. அவருக்கும் அதுதான் முதல் ஓட்டு! டர்பன் நகரை அடுத்த இனாண்டாவில், ஓலாங்கே பள்ளியிலே போட்டார். ஆப்பிரிக்க தேசிய காங்கிரசின் முதல் தலைவர் ஜான் டூபே நிறுவிய பள்ளி அது. 27 ஆண்டுகள் சிறையிலே கிடந்தவர், 1990 பிப்ரவரியில் வெளியே வந்தவர், நான்கே ஆண்டுகளில் நாட்டின் தலைவர்! 400 இடங்களிலே 252 இடங்கள் அவருடைய கட்சிக்கு. நூற்றுக்கு 62க்கும் மேலே வாக்குகள். மே 10ஆம் நாள், பிரிட்டோரியாவிலே, எந்த மாளிகையிலிருந்து கருநிற மக்களைப் பூட்டி வைக்கும் சட்டங்கள் புறப்பட்டனவோ அந்த மாளிகையின் முற்றத்திலேயே பதவி ஏற்றார். விழாவில் வானிலே விமானப்படை விமானங்கள் வணக்கம் சொல்லிப் பறந்தன. நேற்றுவரை அவை யாருக்கு அச்சமூட்டிப் பறந்தன என்பதை அங்கு நின்ற கூட்டம் அறியும்!

இதுவரை கதை இனிக்கிறது. படம் எடுப்போர் இவ்விடத்திலே திரையை இறக்கிவிடுவர். நாம் இறக்குவதற்கில்லை தோழர்களே! ஏனெனில் மறுநாள் விடிந்தது. சொவெட்டோவின் தகரக் கொட்டகையிலே கண் விழித்தவன் என்ன நினைத்தான்? அதைத்தான் இங்கே பேச வந்தேன்.

என்ன நினைத்தான்? தலைவர் நம்மவர். கொடி நம்முடையது. கொட்டகை மட்டும் அதே கொட்டகைதானே, இது எப்போது மாறும்? இவ்வளவுதான் நினைத்தான். ஓட்டுப் போட்டவன் வீடு கேட்டான்! குழாய் கேட்டான்! விளக்கு கேட்டான்! பிள்ளைக்குப் பள்ளி கேட்டான், தனக்கு வேலை கேட்டான், பாட்டன் உழுத நிலத்திலே ஒரு துண்டு கேட்டான்.

உடனே கிளம்பினர், உபதேசிகள்! "எதிர்பார்ப்பு அளவு மீறிவிட்டது" என்றனர். "ஒரே நாளில் எல்லாம் வந்துவிடும் என்று நம்புகிறார்களே பாமரர்கள்" என்று உள்நாட்டு ஏடுகளும் வெளிநாட்டு ஏடுகளும் உருகி உருகி எழுதின. எழுதியவர்கள் யார்? வீட்டுக்குள்ளே நீச்சல் குளம் வைத்திருந்தவர்கள்! ஒருவன் குடிக்கக் குழாய்த் தண்ணீர் கேட்கிறான், அது அளவு மீறிய ஆசையாம். இன்னொருவன் குளிக்கக் குளம் வைத்திருக்கிறான், அது அளவான வாழ்வாம்! இந்த அளவுகோலை யார் செய்தது, எந்தக் கடையிலே வாங்கியது?

மண்டேலாவும் எச்சரித்தார், உண்மை. தேர்தல் கூட்டங்களிலேயே, வாக்களித்த மறுநாள் வாசலில் மோட்டார் கார் வந்து நிற்காது, வீட்டுக்குப் பின்னே நீச்சல் குளம் முளைக்காது, பொறுத்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். வாக்குக் கேட்க வந்த மேடையில் நின்று இப்படிப் பேச எத்தனை பேருக்கு நெஞ்சுரம் உண்டு! அந்த நேர்மையைப் போற்றுகிறேன். ஆனால் ஒன்று: கேட்ட கூட்டம் காரும் கேட்கவில்லை, குளமும் கேட்கவில்லை. அவர்கள் கேட்டது என்னவென்பது கட்சியின் ஏட்டிலேயே அச்சாகி இருந்தது.

அந்த ஏட்டின் பெயர் 'மறுசீரமைப்பு - வளர்ச்சித் திட்டம்'. தொழிற்சங்கங்கள், குடியிருப்புச் சங்கங்கள், கம்யூனிஸ்டுக் கட்சி எல்லாம் கூடி உட்கார்ந்து, பலமுறை அடித்துத் திருத்தி எழுதிய திட்டம். சும்மா கற்பனை அல்ல, கணக்கோடு வந்த திட்டம். ஐந்து ஆண்டில் 10 இலட்சம் வீடுகள். 2000ஆம் ஆண்டுக்குள் 25 இலட்சம் வீடுகளுக்கு மின்சாரம். ஐந்தே ஆண்டில் விளைநிலத்தில் நூற்றுக்கு 30 பங்கு கைமாறும். தண்ணீரா? தலைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 30 லிட்டர், அதுவும் வீட்டிலிருந்து 200 மீட்டருக்குள் என்று எண்ணி வைத்திருந்தனர். இருபது முப்பது லிட்டர்! பெரிய வாளியிலே இரண்டு வாளி. இதைத்தான் 'அளவு மீறிய ஆசை' என்றார்கள், நினைவில் இருக்கட்டும்.

இந்தத் திட்டத்தை நடத்தும் அமைச்சராக மண்டேலா அமர்த்தியவர் யார் தெரியுமோ? ஜே நாயுடு! கரும்புத் தோட்டத்திற்குக் கூலியாகக் கப்பலேறிப் போன நம் பக்கத்து மக்களின் வழிவந்தவர். 1860ஆம் ஆண்டு முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நெட்டாலுக்கு ஏற்றுமதி செய்யப்பட்ட மனிதச் சரக்கு இருந்ததே, அந்தச் சரக்கின் கொள்ளுப்பேரன்! 'கோசாட்டு' என்னும் மாபெரும் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் முதல் பொதுச் செயலாளராக 1985 முதல் இருந்தவர். ஆலைத் தொழிலாளியோடு வேலைநிறுத்தப் பந்தலில் உட்கார்ந்தவர், அமைச்சரவையிலே உட்கார்ந்தார். அவர் மட்டுமல்ல; 1994 தேர்தலிலே கோசாட்டு தன் தலைவர்களில் 20 பேரை ஆளும் கட்சியின் பட்டியலுக்குத் தந்தது. தொழிலாளர் கைதட்டி அனுப்பினர். கைதட்டத்தான் தோன்றும், யாருக்கும்! ஆயினும் அந்த இருபது நாற்காலிகள் சங்கக் கட்டடத்திலே காலியாயின அல்லவா? அதைப் பிறகு சொல்கிறேன்.

முதல் நூறு நாளில் நல்லது நடந்தது. மே 24ஆம் நாள் புதிய நாடாளுமன்றத்திலே மண்டேலா பேசினார்: ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் கருவுற்ற தாய்மார்க்கும் அரசு மருத்துவமனைகளில் இலவச மருத்துவம். அறிவிப்பு வந்தது, அடுத்த மாதமே நடைமுறைக்கும் வந்தது. மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. வழிந்தது எதனால்? அதுவரை வராமலே செத்தவர்கள் வரத் தொடங்கினார்கள் என்பதால்! அதே ஆண்டு தொடக்கப் பள்ளிகளிலே பிள்ளைகளுக்கு உணவுத் திட்டம் வந்தது. பள்ளிக்கூடத்திலே ஒரு கவளம் சோறு என்ன செய்யும் என்பதை நம் நாட்டவருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

தொழிலாளியும் சும்மா இருக்கவில்லை. பதவியேற்பு முடிந்து இரண்டு மாதம்தான். 1994 ஜூலையில் 'பிக் அண்டு பே' என்னும் பெரிய அங்காடி நிறுவனத்தின் ஊழியர்கள் ஆயிரக்கணக்கில் வேலைநிறுத்தம் செய்தனர். போலீசு வந்தது. கைது செய்தது. எந்தப் போலீசு? அதே போலீசு! எந்த ஆட்சியில்? தன் ஆட்சியில்! தொழிலாளி திகைத்துப் போனான். "நமது ஆட்சி வந்த பிறகும் நம் மீது தடியா?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு ஒரு பதில் 1995இல் வந்தது. புதிய தொழிலாளர் உறவுச் சட்டம். வேலைநிறுத்த உரிமைக்கு அரண் கட்டிய சட்டம், தோட்டத் தொழிலாளியையும் வீட்டு வேலைக்காரியையும் தன் நிழலிலே சேர்த்துக்கொண்ட சட்டம். அதையும் இனாமாகத் தரவில்லை. கோசாட்டு அந்த ஆண்டு நாடு முழுதும் கடையடைத்து, ஊர்வலம் நடத்தி, ஒரு கை பார்த்த பிறகே அது சட்டமாயிற்று. தன் கட்சி ஆள்கிறது என்பதால் ஊர்வலத்தை மடித்து வைக்கவில்லை அந்தத் தொழிலாளி. மடித்து வைத்திருந்தால் சட்டமும் மடிந்திருக்கும்.

இன்னொரு பக்கம், ஆட்சிக்கு வந்தோர்க்குச் சம்பளம். நாடாளுமன்ற உறுப்பினர், அமைச்சர்களின் ஊதியம் எவ்வளவு என்று வெளியானபோது ஊர் முணுமுணுத்தது. பேராயர் டெஸ்மண்ட் டூட்டு முணுமுணுக்கவில்லை, மேடையிலேயே முழங்கினார். பழைய ஆட்சிக்காரர் ஏறி உண்ட வண்டியை இவர்கள் நிறுத்தியது தாங்கள் ஏறிக்கொள்ளும் நேரம்வரைதான் என்று பொருள்பட ஒரு போடு போட்டார்! மண்டேலாவுக்குச் சினம் வந்தது. வந்தாலும், தம் ஊதியத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குழந்தைகள் நல நிதிக்குக் கொடுத்தார். கொடுத்தவர் அவர். மற்றவர்கள்? கேட்காதீர்கள்.

சரி, ஐந்தாண்டுக் கணக்கைப் பார்ப்போம். வீடுகள் சுமார் ஏழரை இலட்சம். பத்து இலட்சம் என்ற சொல்லுக்குக் குறைவுதான். ஆயினும் ஒரு செங்கல் கூடத் தராத ஆட்சிக்குப் பிறகு வந்த ஏழரை இலட்சம்! தண்ணீர் 30 இலட்சம் பேருக்குப் புதிதாகக் கிடைத்தது. மின் விளக்கு கண்ட வீடுகள் 1994இல் நூற்றுக்கு 40க்கும் கீழே. 1999இல் 60க்கும் மேலே. இதைச் சிறுமைப்படுத்துபவன் இருட்டிலே படித்தவன் அல்லன், தண்ணீர்க் குடத்தைத் தலையில் சுமந்தவளும் அல்லள். நான் சிறுமைப்படுத்த மாட்டேன்.

ஆனால் அருகே சென்று பார்த்தவன் இரண்டாவது பக்கத்தையும் படித்தான். வீடு வந்தது. எங்கே வந்தது? நகரத்துக்கு வெளியே, வெள்ளை ஆட்சி கருநிறத்தவனை எங்கே ஒதுக்கி வைத்ததோ அதே எல்லைக்கோட்டுக்கு அப்பால்! நகருக்குள்ளே நிலம் விலை. மாதம் 800 ரேண்டுக்குக் குறைவாகச் சம்பாதிப்பவனுக்கு அரசு தந்த மானியம் 15,000 ரேண்டு; அந்தப் பணத்துக்கு மனை வாங்கி, குழாய் இழுத்து, மீதியிலே சுவர் எழுப்ப வேண்டும். எப்படிப்பட்ட சுவர் எழும்? சொவெட்டோவிலே நிறவெறி அரசு கட்டிய வீடுகளுக்கு மக்கள் வைத்திருந்த பெயர் 'தீப்பெட்டி'. புதிய வீடுகளில் பல, அந்தத் தீப்பெட்டியினும் சிறியவை! விளக்கு வந்தது, முன்பணம் கட்டினால் எரியும் மீட்டரோடு வந்தது. பணம் தீர்ந்ததா, அணைந்தது விளக்கு. மின்வாரியத்தார் ஆள் அனுப்பித் துண்டிக்க வேண்டிய வேலைகூட இல்லை. ஏழை தன் வீட்டைத் தானே இருட்டாக்கிக்கொள்ளும் ஏற்பாடு!

தண்ணீரும் அவ்வாறே. செலவை வசூல் செய்தாக வேண்டும் என்ற கொள்கை வந்தது. கட்ட முடியாதவன் ஆற்றுக்குப் போனான். 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் குவாசுலு-நெட்டாலில் காலரா கிளம்பிற்று. இலட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கிற்று. அதன் பிறகுதான் வீட்டுக்கு மாதம் 6,000 லிட்டர் இலவசம் என்ற கொள்கை 2001இல் பிறந்தது. குழாய்க்கும் ஆற்றுக்கும் நடுவே கிடந்தவர்கள் பிணமான பிறகு பிறந்த கருணை.

நடுவிலே 1995இல் 'மசகானே' என்று ஓர் இயக்கம் நடத்தினர். சேர்ந்து கட்டுவோம் என்று பொருள். சொவெட்டோ மக்கள் 1986 முதல் வாடகை மறுப்புப் போர் நடத்தியவர்கள் அல்லவா? கட்டாதே என்று கற்றுக் கொடுத்த அதே தோழர்கள் இப்போது அரசின் பெயரால் வந்து, கட்டு என்றார்கள். நியாயம் உண்டு; தன் அரசுக்குத் தான் கட்டாமல் யார் கட்டுவது? ஆனால் வேலை இல்லாதவன் எதை எடுத்துக் கட்டுவான் என்று அந்தச் சுவரொட்டியிலே அச்சடிக்கவில்லை.

நிலத்துக்கு வருகிறேன், இதுதான் நெஞ்சைச் சுடும் இடம். 1913ஆம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள் வெள்ளையர். நாட்டிலே பெரும்பான்மையான கருநிற மக்களுக்கு நூற்றுக்கு ஏழு பங்கு நிலம்! 1936இல் அதைச் சற்றே தளர்த்தி, 13 பங்கு வரை ஆகலாம் என்றனர். மீதி எல்லாம் வெள்ளையர்க்கு. உழுத நிலத்திலேயே அந்நியனாக நின்றான் உழவன். ஐந்து ஆண்டில் 30 பங்கு கைமாறும் என்று திட்டம் சொன்னது என்றேனே, 1999இல் கைமாறியது எவ்வளவு? நூற்றுக்கு இரண்டைக்கூட எட்டவில்லை. ஏன்? நிலத்தைச் சந்தை விலை கொடுத்து வாங்க வேண்டும். அதுவும் விற்க விருப்பமுள்ளவனிடம் மட்டும் வாங்க வேண்டும் என்று வழி வகுத்தார்கள். பறித்தபோது விலை கேட்டானா, விருப்பம் கேட்டானா? திருப்பித் தரும்போது மட்டும் தராசு வந்தது, பத்திரம் வந்தது, வக்கீல் வந்தார்! பிறகு அந்தக் கெடுவை 2014 என்று தள்ளிப் போட்டார்கள். 2014ம் வந்தது, போயிற்று.

இதெல்லாம் மண்டேலாவின் மனம் மாறியதால் வந்ததா? அப்படிச் சொல்வோர் உண்டு. நான் அவ்வளவு எளிதாகச் சொல்லமாட்டேன். வரிசையிலே நின்றவன் சீட்டை மடிப்பதற்கு முன்பே, வேறோர் அறையிலே, வேறு சில சீட்டுகள் மடிக்கப்பட்டுவிட்டன! இடைக்கால அரசியல் சட்டத்திலே சொத்துரிமைக்குக் காவல் எழுதியாயிற்று. பழைய ஆட்சியின் அதிகாரிகளுக்கு வேலைக்கும் ஓய்வூதியத்துக்கும் உறுதி கொடுத்தாயிற்று. அந்த யோசனையை 1992இல் முன்வைத்தவர் கம்யூனிஸ்டுத் தலைவர் ஜோ ஸ்லோவோ என்றால் நம்புவீர்களா? அவரேதான் பின்னர் வீட்டுவசதி அமைச்சர். வீடுகள் எழுவதைப் பார்க்காமலே 1995 ஜனவரியில் மறைந்தார். நிறவெறி அரசு வாங்கிய கடன், மக்களை அடக்கத் துப்பாக்கி வாங்கிய கடன், அதையும் புதிய அரசு கட்டும் என்று ஒப்புக்கொண்டாயிற்று. தேர்தலுக்கு நான்கு மாதம் முன்பு, 1993 டிசம்பரில், சர்வதேச நாணய நிதியத்திடம் 85 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு. செலவைக் கட்டுக்குள் வைப்போம் என்ற உறுதிமொழியும் கூடவே! மத்திய வங்கியின் தலைவர் பழையவரே. நிதியமைச்சரும் பழையவரே: டெரிக் கீஸ், சுரங்கக் கம்பெனியை நடத்தியவர். அவர் போனபின் வந்தவர் வங்கிக்காரர். கோட்டைக்குள்ளே போனார் நம் தோழர், கொத்துச் சாவியிலே கருவூலச் சாவி மட்டும் இல்லை!

1990 ஜனவரியில், சிறையிலிருந்தபடியே, சுரங்கங்களையும் வங்கிகளையும் நாட்டுடைமை ஆக்குவதே கட்சியின் கொள்கை என்று எழுதியனுப்பியவர் இதே மண்டேலா. 1992இல் சுவிட்சர்லாந்து நாட்டின் டாவோசுக்குப் போய், உலகப் பணமூட்டைகள் கூடிய மாநாட்டைப் பார்த்து வந்த பிறகு அந்தப் பேச்சுக் குறைந்தது. 1996 பிப்ரவரியிலே ஒரு வதந்தி: மண்டேலாவுக்கு உடல்நலம் சரியில்லை என்று. அவ்வளவுதான், ரேண்டின் மதிப்புச் சரிந்தது! ஒரு கிழவருக்குத் தலைவலி என்றால் ஒரு நாட்டின் நாணயம் காய்ச்சலில் விழுகிறது. ஓட்டு ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை. பணச் சந்தையின் ஓட்டோ நிமிடத்துக்கு ஒரு முறை. அந்த ஆண்டிலேயே ஜே நாயுடுவின் அலுவலகம் மூடப்பட்டது. ஜூனில் புதிய பொருளாதாரத் திட்டம் வந்தது. 'கியர்' என்று சுருக்கப் பெயர். பற்றாக்குறையைக் குறைப்பது, செலவைச் சுருக்குவது, அந்நிய முதலுக்குக் கதவைத் திறப்பது. கொள்கையின் அடிப்படை பேச்சுக்குரியதல்ல என்றார் புதிய நிதியமைச்சர் டிரவர் மானுவல். முன்னதை எழுதப் பல மாதம், பல கூட்டம், பல சங்கம். இதை எழுத ஒரு சிறு குழு, ஒரு மூடிய அறை! 2000ஆம் ஆண்டுக்குள் ஆண்டுக்கு நான்கு இலட்சம் வேலைகள் பிறக்கும் என்று எழுதியிருந்தனர். பிறந்ததா? ஆலையிலும் சுரங்கத்திலும் இருந்த வேலைகளும் போயின.

மறுபக்கத்தைச் சொல்லாமல் போவது அறமன்று. 1990க்கும் 1994க்கும் இடையே அரசியல் வன்முறையில் ஏறத்தாழ 14,000 பேர் மாண்டனர். 1993 ஏப்ரலில், இளைஞர்களின் கண்ணான கிறிஸ் ஹானியை அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். அன்றிரவு மண்டேலா தொலைக்காட்சியிலே தோன்றி அமைதி வேண்டினார். ஒரு சொல் பிசகியிருந்தால் நாடு எரிந்திருக்கும். படை அவர் கையில் இல்லை. போலீசு அவர் கையில் இல்லை. எதிரே இருந்தவன் துப்பாக்கியைக் கீழே வைக்க ஒரு விலை கேட்டான், அவர் கொடுத்தார். அந்த விலையை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஒரே ஒரு முறை ஆண்டு, 1999 ஜூனில் தாமாகவே இறங்கி வீட்டுக்குப் போனாரே, அதையும் மறக்கமாட்டேன். பதவி நாற்காலியோடு ஒட்டிப் பிறந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டோம்.

என் குறை வேறு. விலை கொடுத்தோம் என்று மக்களிடம் சொல்லியிருக்க வேண்டும். நிலம் வேண்டுமானால் இன்னொரு போர் பாக்கி இருக்கிறது, கருவூலச் சாவி இன்னும் நம்மிடம் இல்லை, கூட நில்லுங்கள் என்று சொவெட்டோவின் தெருவிலே நின்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மாறாக, கேட்டவனைக் கடிந்தார். 1998 ஜூலையில் கம்யூனிஸ்டுக் கட்சி மாநாட்டிலே, 'கியர்' திட்டத்தைக் கண்டித்த தோழர்களை, அவர்கள் மேடையிலேயே ஏறி நின்று எச்சரித்தார். கூட்டணிக்குள் இருந்துகொண்டு கூவாதே என்ற பாணியிலே! முன்னே சொன்னேனே, சங்கத்தில் காலியான இருபது நாற்காலிகள், அவற்றின் நினைவு வந்த இடம் இது. கேட்கத் தெரிந்தவர்களில் பலர் ஆளும் வரிசையிலே உட்கார்ந்திருந்தார்கள். வெளியே நின்று கேட்டவனுக்குக் குரல் இருந்தது, செல்வாக்கு இல்லை. உள்ளே இருந்தவனுக்குச் செல்வாக்கு இருந்தது, குரல் போயிருந்தது.

அந்த வழி எங்கே கொண்டு போய் விட்டது என்பதற்கு ஒரு பெயர் போதும்: சிரில் ராமபோசா. 1982இல் சுரங்கத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியெழுப்பி, 1987இல் இலட்சக்கணக்கான தொழிலாளரை வேலைநிறுத்தத்திற்கு அழைத்த சிங்கம்! 2012இல் அவர் எங்கே இருந்தார்? லோன்மின் என்னும் பிளாட்டினச் சுரங்கக் கம்பெனியின் இயக்குநர் குழுவிலே. அந்த ஆகஸ்டு 16ஆம் நாள் மரிக்கானாவில், மாதச் சம்பளம் 12,500 ரேண்டு வேண்டும் என்று குன்றின் மேல் கூடியிருந்த லோன்மின் தொழிலாளர்மீது போலீசு சுட்டது. 34 பேர் பிணமாயினர். கறுப்பர் ஆட்சியில், கறுப்புத் தொழிலாளர்மீது! ராமபோசா 2018இல் நாட்டின் தலைவரானார். 2024 மே மாதத் தேர்தலில் அவர் தலைமையிலே கட்சிக்குக் கிடைத்தது நூற்றுக்கு 40. 252 இடங்கள் 159 ஆயின. அந்த ஆண்டு, வேலை தேடுவோரில் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கு வேலை இல்லை. முப்பது ஆண்டு பொறுத்தான் வாக்காளன். ஐந்து ஆண்டு பொறு என்றுதான் அவனிடம் முதலில் கேட்டார்கள்.

நாட்டின் கணக்கு இவ்வளவு. ஒரு பெண்ணின் கணக்கையும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

கேப் டவுன் நகருக்கு வெளியே வாலசெடீன் என்று ஒரு சேரி. தண்ணீர் தேங்கும் பள்ளம். குழாய் இல்லை, சாக்கடை இல்லை. அங்கிருந்த சில நூறு பேர் பொறுக்க முடியாமல் பக்கத்திலே சும்மா கிடந்த தனியார் நிலத்தில் குடிசை போட்டனர். அந்த நிலம் குறைந்த செலவு வீடுகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட நிலம்! 1999 மே மாதம், குளிர் மழை தொடங்கும் நேரம், மண்டேலா பதவியிலிருந்த கடைசி வாரங்கள்; குடிசைகளை இயந்திரத்தால் இடித்தனர், எரித்தனர். உள்ளே கிடந்த பண்டமும் போயிற்று. விளையாட்டுத் திடலிலே பிளாஸ்டிக் தாளை விரித்துக் கிடந்தனர், 390 பெரியவர்கள், 510 பிள்ளைகள். வழக்குப் போட்டார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் பெயரால் வழக்கு நடந்தது. 2000ஆம் ஆண்டு அக்டோபரில் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது: வீட்டுக்கு உரிமை உண்டு, வீதியில் நிற்பவனுக்கு உடனடி ஏற்பாடு செய்யாத அரசின் திட்டம் அரசியல் சட்டத்துக்கு ஏற்றதல்ல. உலகத்துச் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் அந்தத் தீர்ப்பைப் பாடமாக வைத்திருக்கிறார்கள்.

வழக்கில் வென்ற அந்தப் பெண் 2008ஆம் ஆண்டு இறந்தார். அன்றும் அவர் குடியிருந்தது கொட்டகையில்தான்.